முதலில் வெடிப்பது சின்னது

நோர்மண்டியில் ஃபலேஸ் பட்டினத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சிறிய ஊர். அங்கே பழைய யுத்தச் சாமான்களுக்கென்று ஒரு சந்தை கூடுகிறது. தொப்பி, பட்டன், தண்ணீர்ப் போத்தல், வரைபடம், யாரோ யாருக்கோ எழுதிய கடிதம், துருப்பிடித்த இரும்பு என்று மேசை மேசையாகப் பரப்பி வைத்திருப்பார்கள். விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் நாங்கள் இருவரும் அங்கே போனோம். நாங்கள் என்றால் அண்ணனும் தம்பியும். போக வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றது நாங்கள் அல்ல, எங்களில் மூத்தவரின் மகன். அவனுக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் உலக யுத்தம் படிக்கிறான். யுத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் யுத்தச் சாமான் பார்க்க மூன்று மணித்தியாலம் காரோடிப் போவதா என்று வீட்டில் பகிடி பண்ணினார்கள். நாங்களும் சிரித்துவிட்டுத்தான் புறப்பட்டோம்.

சந்தையின் கடைசி மூலையில் ஒரு மேசை. அதைச் சுற்றி மூன்று கிழவர்கள் நின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உழவு இயந்திரம் திருத்தி ஓய்வுபெற்றவர். மற்றவர் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தவர். மூன்றாமவர் ஆங்கிலேயர், பல வருடமாக நோர்மண்டியில் வீடு வாங்கி இருப்பவர். மேசையில் உள்ளே ஒன்றுமில்லாத குண்டுக் கூடுகள் கிடந்தன. எல்லாவற்றிலும் துளை போட்டிருந்தது. சில நடுவால் அரிந்து, அன்னமுன்னாப் பழத்தைப் பிளந்தது போல் உட்பக்கம் தெரிய வைக்கப்பட்டிருந்தன. துளை இல்லாத ஒன்றையும் தங்கள் மேசையில் வைக்கமாட்டோம் என்றும், வயலில் எதையாவது கண்டால் தொடாமல் அரசாங்கத்தின் வெடி அகற்றும் பகுதிக்குத் தொலைபேசி எடுப்போம் என்றும் உழவு இயந்திரக்காரர் மகனுக்கு முதலிலேயே சொன்னார். அதைச் சொல்லாமல் அவர் யாருக்கும் எதையும் காட்டுவதில்லையாம்.

சண்டை எதைப் பற்றியதென்றால், டாங்கியைத் துளைக்கவென்று செய்யப்பட்ட ஒரு பிரித்தானியக் குண்டு சரிவான இரும்பில் பட்டால் ஏன் சில வேளை வெடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது என்பதைப் பற்றி. குண்டைப் பற்றி என்பதைவிட அதன் பியூஸைப் பற்றி என்பதே சரி. எங்களுக்குப் பியூஸ் என்றால் வீட்டுச் சுவரில் கரண்ட் மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டைதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உச்சரிப்பு, எழுத்தில்தான் வித்தியாசம் பார்ப்பார்கள். பிரெஞ்சில் இதற்கும் ஆகாயத்துக்கு ஏவும் ரொக்கட்டுக்கும் ஒரே சொல். தமிழில் நாங்கள் இதற்கு ஒரு பெயரும் வைத்துப் புழங்கியதில்லை. அது வெடித்தது, வெடிக்கவில்லை என்ற இரண்டு சொல்லோடு எங்கள் அறிவு முடிந்தது.

பௌதிக ஆசிரியர் எங்களைப் பார்த்துவிட்டுப் பாடம் தொடங்கினார். பியூஸின் முதல் வேலை வெடிக்க வைப்பது அல்ல என்றார். முதல் வேலை வெடிக்காமல் வைத்திருப்பது. லொறியில் ஏற்றும்போது, குலுங்கும்போது, கை தவறிக் கீழே விழும்போது, ஏவும் கணத்தில் பின்னாலிருந்து பெரிய உதை வாங்கும்போது அது உறங்க வேண்டும். சுடுகிறவனை விட்டுக் கொஞ்சத் தூரம் போன பிறகுதான் விழிக்க வேண்டும். விழித்த பிறகு இலக்கில் பட்ட அந்தக் கணத்தில், ஒரு செக்கனின் மிகச் சிறிய பின்னத்தில், தன் வேலையை முடிக்க வேண்டும். உறக்கமும் விழிப்பும் ஒரே சின்னச் சாமானுக்குள் இருக்க வேண்டுமென்பதுதான் கஷ்டம். ஊசி, சுருள்வில், ஒரு சிறு பாரம் ஆகியவற்றை வைத்து அந்தக் காலத்து ஆட்கள் இதைச் செய்யப் பார்த்தார்கள்.

டாங்கி எதிர்ப்புக் குண்டில் இந்தக் கஷ்டம் இரட்டிப்பு. அதற்குக் காரணம் அந்தக் குண்டின் உள்ளமைப்பு. அரிந்து வைத்திருந்த ஒன்றை எடுத்துக் காட்டினார். வெடிமருந்து இருக்க வேண்டிய இடத்தில் முன்பக்கமாக ஒரு புனல் வடிவக் குழி. குழிக்கு மெல்லிய உலோகத்தில் உறை. அதற்கு முன்னால் மூக்கு வரைக்கும் வெறும் காற்று. 1888இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் கடற்படை ஆய்வுகூடமொன்றில் சார்ள்ஸ் மன்றோ என்ற இரசாயனவியலாளர் வெடிபஞ்சுக் கட்டியை உருக்குத் தகட்டின்மேல் வைத்து வெடித்துப் பார்த்தாராம். கட்டியில் பதித்திருந்த எழுத்துகள் அப்படியே தகட்டிலும் பதிந்திருந்தன. கட்டியில் எங்கே குழிவு இருந்ததோ அங்கே உருக்கும் குழிந்திருந்தது. வெடியைக் குழித்தால் அதன் விசை ஒரு புள்ளிக்குக் கூடும் என்பது அப்படித் தெரியவந்தது. குழிக்கு உலோக உறை போட்டால் அந்த உலோகம் நெரிந்து ஒரு தாரையாகப் பாயும் என்பது பின்னால் 1930களில் தெளிவாயிற்று. தாரையின் முனை செக்கனுக்கு எட்டுப் பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் போகும். அது இரும்பை உருக்கித் துளைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், அது பிழை என்றார் ஆசிரியர். அந்த அழுத்தத்துக்கு முன்னால் உருக்கு களிமண் போல விலகுகிறது, அவ்வளவுதான். 1940 மே 10இல் பெல்ஜியத்தின் எபென் எமாயல் கோட்டையில் கிளைடரில் வந்திறங்கிய ஜெர்மன் படையினர் இந்த வகை வெடியைத்தான் கோட்டையின் இரும்புக் கவிகைகள்மேல் வைத்தார்கள்.

தாரை உருவாக இடம் வேண்டும். அதற்காகத்தான் மூக்கில் வெறும் காற்று. வெடி குழியின் பின்பக்கத்திலிருந்து தொடங்கவும் வேண்டும். இரும்பில் முதலில் படுவதோ மூக்கு. மூக்கு பட்டதைப் பின்பக்கத்துக்குச் சொல்ல வேண்டும். மூக்கு நசுங்கி அந்த வெற்றிடம் இல்லாமற் போவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். கிழவர்களின் சண்டை முழுவதும் இந்தச் சில அங்குலத்தைப் பற்றியது. எண்பது வருடத்துக்கு முந்திய சில அங்குலம்.

ஆங்கிலேயர் தன் நாட்டுச் சாமானுக்காகப் பேசினார். பியற் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த ஆயுதம் 1943இல் சிசிலியில் முதல் முறை பாவிக்கப்பட்டது. பதினைந்து கிலோ பாரம். உள்ளே ஒரு பெரிய சுருள்வில். அதை இழுத்துப் பூட்டுவதற்கு இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு இழுக்க வேண்டும். குண்டின் பியூஸ் தனியாக வரும், சுடுவதற்கு முன்னால் மூக்கில் வைக்க வேண்டும். ஆரம்பத்தில் வந்த பியூஸ் நேராகப் பட்டால் நன்றாக வேலை செய்தது, சரிவாகப் பட்டால் பேசாமல் இருந்துவிட்டது. பிறகு திருத்தினார்கள். 1944 செப்டெம்பரில் ஆர்னெம் சண்டையில் ரொபேர்ட் கெய்ன் என்ற மேஜர் சுட்ட குண்டு டாங்கிக்குப் போகாமல் அவருடைய முகத்துக்கு முன்னாலேயே வெடித்தது. கொஞ்ச நேரம் கண் தெரியாமல் கிடந்துவிட்டு அவர் மறுபடி சண்டைக்குப் போனார். ஒன்று உறங்க வேண்டிய நேரத்தில் விழித்தது, மற்றது விழிக்க வேண்டிய நேரத்தில் உறங்கியது என்று உழவு இயந்திரக்காரர் சொல்லிச் சிரித்தார்.

நாங்கள் தெற்காசியர் என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலேயர் எங்களுக்காகக் கஞ்சு லாமாவின் கதையைச் சொன்னார். சிக்கிமில் பிறந்து கூர்க்காப் படையில் சேர்ந்தவர். 1944 ஜூன் 12இல் மணிப்பூரில் நிங்தௌகோங் என்ற ஊருக்குப் பக்கத்தில், மணிக்கட்டு உடைந்து, கையிலும் காலிலும் காயத்தோடு, இந்தப் பதினைந்து கிலோவையும் இழுத்துக்கொண்டு முப்பது யார் தூரத்துக்குத் தவழ்ந்து போய் இரண்டு ஜப்பானிய டாங்கிகளை அடித்தார். விக்டோரியா விருது கிடைத்தது. 2000ஆம் ஆண்டுதான் காலமானார். அன்று அவருக்கு இரண்டு பியூஸும் வேலை செய்தன என்றார் ஆங்கிலேயர். வேலை செய்யாவிட்டால் அவருடைய பெயர் எங்கள் யாருக்கும் தெரிந்திராது.

ஜெர்மன்காரரின் பன்சர்பவுஸ்ற் வேறு விதம். ஒரு குழாய், அதன் நுனியில் பெரிய தலை. ஒரு முறை சுட்டால் குழாயை எறிந்துவிடலாம். பியூஸ் தலையின் அடிப்பகுதியில் இருந்தது. குண்டு இரும்பில் திடீரென்று நிற்க, உள்ளே இருக்கும் சிறு பாரம் நிற்க மறுத்து முன்னுக்குப் போய்க் குத்தும். பஸ் பிறேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னால் விழுவது போல என்று ஆசிரியர் விளக்கினார். 200 மில்லிமீற்றர் உருக்கைத் துளைக்கும். அதன் பெயரோடு வரும் 30, 60, 100 எல்லாம் எத்தனை மீற்றருக்குள் நின்று சுட வேண்டும் என்பதைக் குறிக்கும். முப்பது மீற்றர் என்பது எங்கள் ஊரில் படலையிலிருந்து கிணற்றடி வரைக்கும் உள்ள தூரம். அந்தத் தூரத்தில் டாங்கிக்கு முன்னால் போய் நிற்க யாரைக் கேட்பது? 1944 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட மக்கள் படையில் பதினாறிலிருந்து அறுபது வயதுவரை ஆட்சேர்த்தார்கள். பாவிக்கும் முறையைத் தலையிலேயே அச்சடித்து ஒட்டினார்கள், பழக்குவதற்கு நேரமில்லை. பதினாறுக்குக் குறைந்த பொடியன்களும் பெர்லின் தெருக்களில் அதைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மகன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். குழாயைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள். அவனுடைய தோளுக்கு அது பெரிதாகவும் இருக்கவில்லை, பாரமாகவும் இருக்கவில்லை. எங்களுக்கு அது பிடிக்கவில்லை.

பிறகு ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து ஒரு காஸ் லைற்றரை எடுத்தார். அடுப்பு மூட்டும் லைற்றர். அதை ஒருமுறை கிளிக் என்று அழுத்தினார். இதற்குள் கல் இல்லை, பற்றரி இல்லை, பின் எப்படி நெருப்புப் பொறி வருகிறது என்று மகனைக் கேட்டார். 1880இல் பாரிசில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற இரண்டு சகோதரர்கள் குவார்ட்ஸ் போன்ற சில பளிங்குகளை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அண்ணனும் தம்பியும் என்று அவர் எங்களைப் பார்த்துச் சொன்னார். லைற்றரில் இருப்பது அதுதான். 1961இல் சோவியத் படையில் சேர்க்கப்பட்ட ஆர்.பி.ஜி. 7இன் மூக்கில் இருப்பதும் அதுதான். மூக்கு இடித்ததும் பளிங்கு நசுங்கும், மின்சாரம் பிறக்கும், குண்டின் கூட்டு வழியாகவே அது பின்பக்கத்துக்கு ஓடும். மூக்குக்கும் அடிக்கும் இடையே இருந்த அந்தப் பழைய வழக்கு மின்சாரத்தால் தீர்ந்தது. தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. வியட்நாமில் அமெரிக்கர் பதுங்குகுழிகளுக்கு முன்னால் சாதாரணக் கம்பிவலை வேலி கட்டினார்கள். வலைக் கண்ணுக்குள் மூக்கு போய்ப் பக்கவாட்டில் நசுங்கினால் மின்சாரம் ஓடுகிற பாதை குழம்பி, குண்டு வெடிக்காமல் போக இடமுண்டு.

ஆர்.பி.ஜி. என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த மேசையில் அதுவரை கேட்ட பெயர்களெல்லாம் மற்றவர்களுடைய யுத்தத்துப் பெயர்கள். இது எங்கள் வீட்டுப் பெயர். அதன் சத்தம் எங்களுக்குத் தெரியும். முதலில் ஒன்று, கொஞ்ச நேரம் கழித்துத் தூரத்தில் இன்னொன்று. இரண்டாவது சத்தம் கேட்டால் எங்கேயோ பட்டுவிட்டது, யாரோ போய்விட்டார்கள் என்று அம்மா நெஞ்சில் கை வைப்பா. ஆசிரியரிடம் அதைச் சொன்னோம். அவர் யோசித்துவிட்டு, எப்போதும் அப்படியில்லை என்றார். எதிலும் படாமல் போனால் ஏறத்தாழ நாலரை செக்கனில், 900 மீற்றர் தாண்டியதும், அது தானாகவே ஆகாயத்தில் வெடித்துவிடும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆகவே நாங்கள் சின்ன வயதில் கேட்ட இரண்டாவது சத்தங்களில் எத்தனையோ யாரையும் கொல்லாத சத்தங்கள். அம்மா வீணாக நெஞ்சில் கை வைத்திருக்கிறா. அவ இறந்து ஒன்பது வருடமாகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

1987இன் கடைசி மாதங்கள். எங்கள் வீடு நீர்வேலிப் பக்கம், வாழைத்தோட்டத்தோடு சேர்ந்தது. எங்களுக்குப் பதினொன்றும் ஒன்பதும் வயது. ஒரு பின்னேரம் அப்படியொன்று வாழைகளுக்குள் வந்து விழுந்தது. யார் சுட்டது, யாருக்குச் சுட்டது என்று தெரியாது. இரண்டு வாழைத் தண்டை முறித்துக்கொண்டு செம்மண்ணில் மூக்கைச் சரித்துக் கிடந்தது. வெடிக்கவில்லை. நாங்கள் குசினிக்குள் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் படுத்திருந்தோம். அது வெடித்திருந்தால் குசினிச் சுவர் நின்றிராது.

உருவத்தை நாங்கள் சொல்லச் சொல்ல ஆசிரியர் ஒரு தாளில் கீறினார். ஆம், அதுதான். வாழைத்தண்டு நீரும் நாரும், அது மூக்கை நேராக இடித்திராது, பக்கத்தால் ஒடித்திருக்கும் என்றார். தானாக வெடிக்கும் பொறியாவது வேலை செய்திருக்க வேண்டும், அதுவும் செய்யவில்லை என்றால் இரண்டு பிழை ஒன்றாக நடந்திருக்கிறது. மோசமான பியூஸ் என்றார் உழவு இயந்திரக்காரர். வாய் தவறிச் சொன்னார். சொன்ன பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். நாங்கள் பரவாயில்லை என்றோம். அவர்களுடைய கணக்கில் அது மோசமானது. எங்களுடைய கணக்கில், நாங்கள் இரண்டு பேரும் இங்கே நிற்பதற்கு அந்த மோசந்தான் காரணம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. முடியாத பகுதியை அங்கே நாங்கள் சொல்லவில்லை.

மகன் மேசையில் ஒரு பியூஸைக் கையில் எடுத்து வைத்திருந்தான். பித்தளை. பாதியாக அரிந்தது. உள்ளே ஊசியும் சுருள்வில்லும் தெரிந்தன. மணிக்கூட்டின் உள்வேலை போல அழகாயிருந்தது. இருபத்தைந்து யூரோ. தன்னுடைய காசிலேயே வாங்குவேன் என்றான். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். கொஞ்சம் கூடுதலாகச் சத்தமாகச் சொல்லிவிட்டோம். பக்கத்து மேசைக்காரரும் திரும்பிப் பார்த்தார். அவன் அதைத் துணியில் துடைத்து வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு எங்களுக்கு முன்னால் காருக்கு நடந்தான்.

புறப்படும்போது ஆசிரியர் கைகொடுத்துச் சொன்ன ஒரு விஷயம் எங்களோடு காருக்குள் வந்தது. பெரிய வெடிமருந்துக் கட்டி இலேசில் வெடிக்காது, அதை எழுப்ப இன்னொரு சின்ன வெடி வேண்டும் என்றார். அந்தச் சின்னதை எழுப்ப அதைவிடச் சின்னதும் அதைவிட ரோசக்காரனுமான ஒன்று வேண்டும். பியூஸில் இருப்பது அது. பெரியதைப் பார்த்துச் சனம் பயப்படும், சின்னதைப் பார்த்து விளையாடப் போகும். முதலில் வெடிப்பது சின்னது.

கண்ணிவெடியிலும் வித்தியாசம் பியூஸில்தான் இருக்கிறது என்று அவர் சொன்னார். டாங்கிக்குப் புதைப்பது நூறு கிலோவுக்கு மேல் பாரம் கேட்கும். மனிதருக்குப் புதைப்பது ஒரு குழந்தையின் காலோடு திருப்திப்படும். 1997இல் ஒட்டாவாவில் கையெழுத்தான ஒப்பந்தம் மனிதருக்கான மிதிவெடியை மட்டும் தடைசெய்தது, டாங்கிக்கானதை விட்டுவிட்டது. இலங்கை அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது 2017இல். முகமாலை மண்ணில் எங்கள் பெண்கள் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகச் சுரண்டியது இந்தக் கணக்கைத் தீர்க்கத்தான். யுத்தம் முடிந்த பிறகு நோர்மண்டியிலும் இதேதான் நடந்தது. 1945இல் ஜெர்மன் போர்க்கைதிகளையும் கொண்டு வயல்களைத் துப்புரவாக்கினார்கள். இன்றைக்கும் உழும்போது வருகிறது.

காரில் மகன் ஒரு மணித்தியாலம் பேசவில்லை. பிறகு, நீங்கள் ஏன் கத்தினீர்கள் என்று கேட்டான். எங்களில் இளையவர்தான் சொல்லத் தொடங்கினார். மூத்தவர் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு இடையிடையே திருத்தினார்.

நாங்களும் சேகரித்தவர்கள். அந்த வருடத்தில் எங்கள் ஊர்ப் பொடியன்கள் எல்லோரும் சேகரித்தார்கள். முத்திரை சேர்ப்பது போலத் துவக்குக் கோது சேர்த்தோம். நீளக் கோது, கட்டைக் கோது, செல் துண்டு, செல்லின் வால் என்று தரம் பிரித்துப் பால்மாப் பேணியில் போட்டு வைத்தோம். ஒன்றுக்கு மூன்று, இரண்டுக்கு ஐந்து என்று மாற்றினோம். நோர்மண்டிக் கிழவர்கள் அடியில் பதித்த எழுத்தைப் பார்த்துத் தொழிற்சாலையும் ஆண்டும் சொல்வது போல நாங்களும் சொல்லுவோம். எங்கள் ஒழுங்கையில் மிகப் பெரிய சேகரிப்பு எங்களுடையது. இரண்டாவது, அடுத்த வளவுப் பொடியனுடையது. எங்களில் மூத்தவரின் வகுப்பு.

வாழைக்குள் விழுந்ததை ஒரு கிழமைக்குப் பிறகு சில பேர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் அதை அங்கேயே வைத்துக் கழற்றினார்கள். பெரியது போய்விட்டது, இனிப் பயமில்லை என்று அம்மா மறுபடி வாழைக்குத் தண்ணீர் மாற்றினா. 1988 தையில், தண்ணீர் ஓடிய வாய்க்காலில் மண் கரைந்து ஒரு சின்ன உலோகச் சாமான் வெளியே தெரிந்தது. பேனை மூடியைவிடக் கொஞ்சம் பெரிது. நாங்கள்தான் முதலில் கண்டோம். எடுக்கவில்லை, எங்களுக்குப் பயம். பயமென்று சொல்ல வெட்கம். படலைக்குப் போய் அவனைக் கூப்பிட்டு, வாய்க்காலுக்குள் ஒன்று கிடக்கிறது, எடுத்துத் தந்தால் கோது தருகிறோம் என்றோம். எத்தனை கோது என்று அவன் கேட்டான். பதினைந்து என்றோம்.

அவன் அதை எடுத்தான். ஆனால் எங்களிடம் கொண்டு வரவில்லை. மண்ணைத் துடைத்துத் தன்னுடைய வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்த் திருகிப் பார்த்திருக்கிறான். சத்தம் பெரிதாக இருக்கவில்லை. சீனவெடி என்றுதான் ஒழுங்கையில் நினைத்தார்கள். வலது கையில் மூன்று விரலும் இடது கண்ணும் போய்விட்டன.

அன்று பின்னேரமே எங்கள் பேணிகளைக் கிணற்றுக்குள் கொட்டினோம். பதினைந்து கோது என்று சொன்னதை அம்மாவுக்குச் சொல்லவில்லை. அவனுடைய தாய்க்குச் சொல்லவில்லை. எங்களுக்குள்ளும் இந்த முப்பத்தெட்டு வருடத்தில் நாங்கள் அதைப் பேசியதில்லை. அண்ணனுக்கு நினைவிருக்கிறதா என்று தம்பிக்கும், தம்பிக்கு நினைவிருக்கிறதா என்று அண்ணனுக்கும் தெரியாமலே இருந்தது. காருக்குள் அந்தப் பதினைந்து என்ற எண்ணை இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அப்போதுதான் தெரிந்தது.

மகன் சொன்னது ஒன்றுதான்: அவருக்கு எடுங்கள். அவர் இருக்கிறார்தானே, எடுங்கள்.

அவன் இருக்கிறான். நீர்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். இரண்டு விரலாலும் மற்றக் கையாலும் சில்லு நிமிர்த்துகிற கெட்டிக்காரன் என்று ஊருக்குப் போய் வந்தவர்கள் சொல்லுவார்கள். கலியாணம், செத்தவீடு என்றால் வட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவோம். கொஞ்சக் காசும் அனுப்பியிருக்கிறோம். ஏன் அனுப்புகிறோம் என்று அவன் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

அடுத்த சனிக்கிழமை எடுத்தோம். மூத்தவர் வீட்டுக் குசினியில் இரண்டு பேரும் இருந்து, போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டோம். மகனும் நின்றான். சுகம் விசாரித்து, மழை விசாரித்து, பிள்ளைகளின் படிப்பு விசாரித்து, பிறகு சொன்னோம். அந்த வாய்க்கால் சாமானை எடுக்கச் சொன்னது நாங்கள்தான், கோது தாறம் எண்டு ஆசை காட்டினதும் நாங்கள்தான், இத்தனை வருசமாச் சொல்லேல்லை எண்டு சொன்னோம். அந்தப் பக்கத்தில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"விசரே உங்களுக்கு," என்றான். "நீங்கள் சொல்லி நான் போகேல்லை. அது பித்தளை எண்டு நினைச்சுப் பழைய இரும்புக்காரனுக்கு விக்கத்தான் எடுத்தனான். உங்களைப் பற்றி எனக்கு அப்ப ஒரு நினைவுமில்லை. அதை விடுங்கோ."

எங்களில் இளையவர் அழுதுவிட்டார். மூத்தவர்தான் பேசினார். "இல்லையடா, நாங்கள் படலைக்கு வந்து கூப்பிட்டனாங்கள். பதினைஞ்சு கோது எண்டு சொன்னனாங்கள்."

காற்றடிக்கும் சத்தம் நின்றது.

"பதினைஞ்சோ?" என்றான். "இருவது எண்டெல்லோ சொன்னனீங்கள்."

பிறகு அவன் சிரித்தான், நாங்களும் சிரித்தோம். கடையில் ஆள் நிற்கிறது, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டான். நாங்கள் குசினியில் அப்படியே இருந்தோம். மகன் எழும்பி எங்களுக்குத் தேத்தண்ணி வைக்கப் போனான். காஸ் லைற்றரைக் கையில் எடுத்தவன் அதை அழுத்தாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அழுத்தினான். கிளிக் என்றது, அடுப்பு பற்றியது.